வர்ண மீன் வளர்ப்பில் ஜலத்தின் குணம்

நெற்பயிரோடு உபதொழில் ஒன்றையும் கைக்கொள்ள விரும்பும் நிலச்சுவான்தார் சிலர் கொல்லைப்புறத்தில் தொட்டி கட்டி வர்ண மீன் வளர்க்க முற்படுகின்றனர். சென்னை கொளத்தூர் இவ்வியாபாரத்திற்குப் பேர்பெற்ற இடம். ஏஞ்சல், டிஸ்கஸ், நியான் டெட்ரா முதலிய மீன்களை வாங்கிவந்து வளர்க்குமிடத்து, அவை நன்றாக இரையெடுத்தும் குஞ்சு பெறாமையும், இட்ட முட்டைகள் வெளுத்துப் பாழாவதும் உண்டு. இரையையும் மீனையும் குறைகூறுமுன் ஜலத்தைச் சோதித்தல் உசிதம்.

இம்மீன்களின் பூர்வீகம் தென் அமெரிக்காவிலுள்ள அமேசான் நதிப்பிரதேசமாகும். அங்கே காட்டுச் சருகு ஊறிய சிற்றாறுகளில் உப்புச்சத்து மிகக் குறைவு. சிறிது புளிப்புக் குணமும் உண்டு. கால்சியம், மக்னீசியம் உப்புக்கள் குறைந்த ஜலம் மென்னீர் எனவும், மிகுந்தது கடின நீர் எனவும் சொல்லப்படும். லிட்டருக்கு 75 மில்லிகிராமுக்குட்பட்டது மென்னீர். 300-க்கு மேற்பட்டது மிகக் கடின நீர். கடின நீரில் இம்மீன்கள் உயிர் வாழக்கூடுமாயினும், முட்டை பொரிப்பது குன்றிவிடும்.

நம் டெல்டாவில் வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு வழியே வரும் காவேரி ஜலத்தைவிட ஆழ்குழாய்க் கிணற்று ஜலம் சாதாரணமாகக் கடினமுள்ளது. நாகப்பட்டினம், வேதாரண்யம் முதலிய கடலோரப் பகுதிகளில் உவர்ப்பும் சேர்ந்துகொள்ளும். ஆதலால் அண்டை வீட்டார் அனுபவம் நம் கிணற்றுக்குப் பொருந்தும் என்று கொள்ளலாகாது.

கடின நீரைத் திருத்த அமிலம் ஊற்றுவதே சுலபமென்று பலர் எண்ணுகின்றனர். இது பெரும்பாலும் வீண். ஜலத்திலுள்ள பைகார்பனேட் உப்பு அமிலத்தை விழுங்கிக் கரியமில வாயுவை வெளியிடும். பி.எச். என்னும் அமில கார அளவு முதலில் இறங்கி, வாயு வெளியேறியபின் மறுபடி ஏறும். மேலும் ஊற்றினால், விழுங்க உப்பில்லாமற்போன அந்நிலையில் அளவு திடீரென வீழ்ந்து மீன்கள் மடியும். இவ்வளவில் ஒரு எண் மாறுவது பத்து மடங்கு மாறுதலாகும். கால்சியமோ இருந்தபடியே இருக்கும். களர் நிலத்தின் தன்மையை அறியாமல் ஜிப்சம் இடுவது எப்படியோ, அப்படியே இதுவும்.

நம்பத்தக்க உபாயம் மழை ஜலத்தைக் கலத்தலே. மழை ஜலத்தில் கடினம் ஏறக்குறைய இல்லை. 320 மில்லிகிராம் கடினமுள்ள கிணற்று ஜலம் ஒரு பங்கும், மழை ஜலம் மூன்று பங்கும் சேர்த்தால் கடினம் 80 ஆகும். 400 லிட்டர் தொட்டிக்கு 100 லிட்டரும் 300 லிட்டரும் வேண்டும். மழை ஜலத்தை மட்டும் நிரப்புவதும் தவறு. தாங்கும் உப்பு இல்லாததால் பி.எச். நிலைகொள்ளாது. மீன் உள்ள தொட்டியில் நாளொன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதமே மாற்றுதல் வேண்டும்.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் கிடைக்கும். 50 சதுர மீட்டர் கூரையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் 600 மில்லிமீட்டர் பெய்தால் 30,000 லிட்டர் விழும். முதல் மழையைக் கழித்துவிட்டு, கொசு புகாதபடி மூடிச் சேமித்தல் வேண்டும். வயல் வடிகால் ஜலத்தில் பூச்சிமருந்து கலந்திருக்கக்கூடுமாதலால் அதை உபயோகிக்கலாகாது.

இன்னுஞ் சில கவனிக்கத்தக்கவை:

1. புதிய சிமெண்டுத் தொட்டி சுண்ணாம்பைக் கக்கும். இரண்டு மூன்று வாரம் ஜலம் நிரப்பி, பலமுறை மாற்றியபின் மீன் விடுக.

2. உலர்ந்த நாட்டு வாதுமை இலை ஜலத்துக்குச் சிறிது புளிப்புத் தரும். ஆனால் கடினத்தை நீக்காது.

3. கட்லா, ரோகு வளர்க்கும் குளத்துக்கு நன்மை செய்யும் சுண்ணாம்பு, மென்னீர் மீன் தொட்டிக்குத் தீங்காகும். இரண்டையும் ஒரே முறையில் நடத்தலாகாது.

4. ஜலம் கடினமாயிருந்து மழை ஜலம் சேமிக்க வசதியில்லாதோர் கப்பி, மோலி வளர்ப்பதே மேல். இவை கடின நீரை விரும்புவன.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியதும் ஒன்றுண்டு. வேண்டாத வர்ண மீன்களை வாய்க்காலிலும் குளத்திலும் விடும் வழக்கத்தைத் தடுத்தல் வேண்டும். தொட்டியைச் சுத்தம் செய்யவென்று கொணர்ந்த தென் அமெரிக்கக் கெளுத்தி இனம் தமிழ்நாட்டின் ஏரிகள் சிலவற்றில் பெருகி, நாட்டு மீன்களுக்கு இடையூறாகிவிட்டது.

தொட்டிக்குப் பணம் செலவிடுமுன் மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு புட்டி ஜலத்தைக் கொடுத்துச் சோதித்துக்கொள்க. நாகப்பட்டினத்திலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தையும் யோசனை கேட்கலாம். மீனுக்கேற்ப ஜலத்தைத் திருத்துவதில் செலவுண்டு; ஜலத்துக்கேற்ப மீனைத் தேர்ந்துகொள்வதில் அச்செலவில்லை.