பசியின் அளவும் மரபணுவின் எழுத்தும்

ரமளான் மாலையில் செட்டிநாட்டுப் பள்ளிவாசல் ஒன்றில் நோன்பு திறப்போரை நோக்குங்கள். ஒரே நேரத்தில் ஸஹர் முடித்து, ஒரே பாங்கொலி கேட்டுப் பேரீச்சம்பழம் சுவைத்தவர்கள் அவர்கள். எனினும் ஒருவர் ஒரு கிண்ண நோன்புக் கஞ்சியில் நிறைவடைகிறார். மற்றொருவருக்கு மூன்றாம் கிண்ணத்திலும் பசி அடங்குவதில்லை. பின்னவரைப் 'பெருந்தீனிக்காரர்' என்று ஏசிவிடுதல் எளிது. அவ்வேச்சு முறையானதுதானா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1994ஆம் ஆண்டு நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் இயக்குநீருக்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின், குருதிவழியே மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியை அடைந்து, உடலின் சேமிப்பு போதிய அளவில் உள்ளதென அறிவிக்கிறது. அச்செய்தி எம்.சி.4.ஆர். என்னும் ஏற்பியைத் தூண்டப் பசி தணிகிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி பழுதுபட்டாலும், உண்டவன் தன்னைப் பட்டினி கிடப்பவனாகவே உணர்வான்.

1997இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இதற்குச் சான்று கண்டனர். பாகிஸ்தான் வழிவந்த ஒரு குடும்பத்துக் குழந்தைகள் இருவர். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ, இரண்டு வயதுச் சிறுவனின் எடை 29 கிலோ. இருவர் குருதியிலும் லெப்டின் ஏறத்தாழ இல்லை. பின்னர் அச்சிறுமிக்கு லெப்டின் ஊசி செலுத்தப்பட்டதும், தீராத உணவு வேட்கை தணிந்து எடையும் குறைந்தது. மன உறுதியின்மை என்று கருதப்பட்டிருக்கக் கூடியது, உண்மையில் ஓர் இயக்குநீரின் குறைபாடே!

அக்குடும்பத்தில் தலைமுறைதோறும் இரத்த உறவிலேயே மணம் நிகழ்ந்திருந்தது. தாய், தந்தை இருவழியிலும் ஒரே பழுது வந்து சேரும்போதே இந்நோய் வெளிப்படும். பாகிஸ்தானில் இத்தகைய உறவுமணக் குடும்பங்களின் மிகு பருமன் கொண்ட குழந்தைகளுள் 30 விழுக்காட்டினரிடம் லெப்டின், அதன் ஏற்பி, எம்.சி.4.ஆர். ஆகியவற்றின் மரபணுப் பிழைகளே காரணமென 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கமுடைய நமக்கும் இது சிந்தனைக்குரியது. ஷரீஅத் அதனை அனுமதித்துள்ளது, கடமையாக்கவில்லை.

இவை அரிய நோய்கள். பெரும்பான்மையோரிடம் காணப்படுவன சிறு விளைவுடைய பொதுத் திரிபுகளே. 2007இல் எஃப்.டி.ஓ. மரபணுத் திரிபு உடல் பருமனோடு இணைத்தறியப்பட்டது. 2008இல் இலண்டன் வாழ் இந்திய வழியினரை ஆய்ந்தபோது, எம்.சி.4.ஆர். அருகிலுள்ள ஒரு திரிபு இடைச்சுற்றளவோடும் இன்சுலின் எதிர்ப்போடும் தொடர்புற்றிருத்தலும், ஐரோப்பியரைவிட இந்தியரிடம் அது மிகுந்திருத்தலும் புலனாயின.

சென்னை நகர மக்களிடையே நிகழ்த்தப்பட்ட 'கியூர்ஸ்' ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2016இல் வெளிவந்த கட்டுரை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. எஃப்.டி.ஓ. திரிபொன்று பருமனுக்கு வழிகோலும் ஆற்றல், உடலுழைப்பு குன்றியோரிடத்தே மிகுந்து காணப்பட்டது. மரபணு ஒன்றே, வாழ்க்கைமுறைக்கேற்ப அதன் விளைவு வேறுபடுகிறது.

கத்ரை நம்பும் முஸ்லிம் முயற்சியைக் கைவிடுவதில்லை. மரபணுவையும் அவ்வாறே கருதலாம். வயிற்றில் மூன்றிலொரு பங்கை உணவுக்கும், ஒன்றை நீருக்கும், ஒன்றை மூச்சுக்கும் ஒதுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அவ்வழியில் நடத்தல் ஒருவர்க்கு எளிது. பிறவியிலேயே மிகு பசி வாய்த்தவர்க்கோ பெரும் போராட்டம். போராடுபவரை இகழ்தல் அறமாகாது.

இந்திய ஆடவர்க்கு இடைச்சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்டிர்க்கு 80ஐயும் எட்டினால் எச்சரிக்கை தேவை. 2023இல் வெளியான அகில இந்திய ஆய்வில் 39.5 விழுக்காட்டினர் வயிற்றுப் பருமன் உடையோராயிருந்தனர். கைக்குழந்தைப் பருவம் முதலே அடங்காப் பசியோடு எடை கூடிவரும் பிள்ளையை ஏசாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்க. அமானிதமாகத் தரப்பட்ட உடலைப் பேணுதல் ஒவ்வொருவர் கடமை; அவரவர் சுமையின் எடையை அல்லாஹ்வே நன்கறிவான்.