என்ஜினுக்கு வைத்தியமா? விடை கொடுப்பதா?

குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில், தென்காசி வட்டாரத் தோட்டங்களில் ஆயில் என்ஜின் சத்தம் அவ்வளவாகக் கேட்காது. வாய்க்காலிலும் குளத்திலும் தண்ணீர் இருக்கும். தை, மாசியில்தான் சங்கடம்! பிசானப் பயிர் பால் பிடித்து நிற்கும். குளம் வற்றிக்கொண்டே போகும். மின்சார மோட்டார் இல்லாதவர்கள் கிணற்றடியில் இருக்கும் பழைய டீசல் என்ஜினைத்தான் நம்ப வேண்டும்.

அந்த நேரம் பார்த்து அது இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனால்?

"ஒரு தடவ வேல பாத்துட்டா இன்னும் ரெண்டு வருசம் ஓடும்" என்பார் கணவர்.

"போன வருசமும் இதத்தானே சொன்னிய!" என்பாள் மனைவி. அவள் கழுத்துச் சங்கிலி ஏற்கனவே அடகுக் கடையில் இருக்கும்.

யார் சொல்வது சரி? என்ஜினே அதைச் சொல்லும்.

காற்றுதான் உயிர்

பெட்ரோல் என்ஜினில் தீப்பொறி உண்டாக்க பிளக் உண்டு. டீசல் என்ஜினில் அது கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறக்குறைய 16-ல் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குகிறது. நெருக்குண்ட காற்றின் சூடு 500 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். அதில் டீசலைப் பீச்சியதும் தானே தீப்பற்றும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சுடுகிறது அல்லவா? அதே கதைதான். ஜெர்மன் என்ஜினீயர் ருடால்ப் டீசல் 1897-ம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் நடத்திக் காட்டிய வித்தை இது.

ஆகவே காற்று கசிந்தால் என்ஜினில் உயிர் இல்லை. நின்ற என்ஜினைக் கைப்பிடி போட்டு மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் சுவர்போல் எதிர்க்க வேண்டும். 'லொட லொட' என்று சுற்றினால் வால்வோ, ரிங்கோ, கேஸ்கெட்டோ காற்றை விடுகிறது.

மூன்று புகைகள்

கறுப்புப் புகைக்குப் பயப்பட வேண்டாம். காற்று வடிகட்டி அடைத்திருக்கும். அல்லது நாசில் சரியாகப் பீச்சாது. சிறு செலவோடு போய்விடும்.

குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வெள்ளைப் புகை வந்தால் தவறில்லை. சூடேறிய பிறகும் நிற்காவிட்டால், டீசல் முழுதும் எரியவில்லை. அல்லது தண்ணீர் உள்ளே புகுகிறது.

நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கலாம். அதற்காக உடனே காயலான் கடைக்கு ஆள் அனுப்பி விடாதீர்கள்! லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை.

எப்போது கை கழுவுவது?

பிளாக், கிராங்க் சாப்ட் இரண்டும்தான் தீர்ப்புச் சொல்லும். ஆயில் பால் கலந்த காபிபோல் இருக்கிறதா? தண்ணீர் கலந்துவிட்டது. கேஸ்கெட் போயிருந்தால் தப்பித்தீர்கள். பிளாக்கே வெடித்திருந்தால், பற்றவைத்தாலும் பெரும்பாலும் நிலைக்காது.

அடியில் 'டக், டக்' என்று தட்டும் ஓசை, ஆயிலில் இரும்புத் தூள் - இவை பேரிங்கும் கிராங்கும் தேய்ந்த அடையாளம். கிராங்கைக் கடைந்து, தடித்த பேரிங் போடலாம். அதுவும் சில தடவைதான். வழக்கமாக ஒவ்வொரு முறையும் கால் மில்லி மீட்டர் போகும். முழு மில்லி மீட்டர் போனபின் கடைய இடமில்லை.

மெக்கானிக்கிடம் "எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபின், மாற்றவேண்டிய சாமான்களைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தச் செலவு புது என்ஜின் விலையில் பாதியைத் தாண்டினால், மனைவி சொல்வதே சரி! இந்த வேலையைச் சாரல் காலத்திலேயே செய்துவிட்டால் பயிர் காய வேண்டியதில்லை.

பழுதில்லாமலே வேலை இழந்த என்ஜின்களும் உண்டு. செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையில் மீட்டர் கேஜ் டீசல் என்ஜின்கள் ரயில்களை இழுத்தன. 2010-ல் அந்தப் பாதையே மூடப்பட்டது. 2018-ல் அகலப் பாதையாகத் திறந்தபோது அவற்றுக்கு அங்கே இடமில்லை. கிணற்றடி என்ஜினுக்கு அந்த விதி இல்லை, தேயும்வரை உழைக்கலாம்.

மாற்றுவதென்று முடிவு செய்தால், புதுப் பெயிண்டில் மினுக்கும் பழைய என்ஜினிடம் மயங்காதீர்கள். ஓட விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை மேலே வந்தால் பணத்தை மடியிலேயே முடிந்துகொண்டு வீடு திரும்புங்கள்.