ஐ ஷேடோ பிரஷ்: பார்த்து வாங்குவோம், சொல்லி விற்போம்

மளிகைக் கடையிலும் இன்று ஃபேன்ஸி சரக்குக்கு ஒரு தட்டு ஒதுக்க வேண்டியிருக்கிறது. முகூர்த்த மாதங்களில் ஐ ஷேடோ வாங்க வருபவர்கள் பிரஷ்ஷும் சேர்த்துக் கேட்கிறார்கள். எந்த பிரஷ்ஷாக இருந்தால் என்ன என்று மலிவு விலையில் டஜன் கணக்கில் இறக்கிவிடக் கூடாது. இது கண்ணிமையில் படும் பொருள். உதிர்ந்த முடி ஒன்று கண்ணில் விழுந்தால், அந்த வாடிக்கையாளர் அடுத்த மாதம் பருப்பு வாங்கவும் நம் கடைக்கு வரமாட்டார்.

இதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. தட்டையாகவும் அடர்த்தியாகவும் இருப்பது இமையில் வண்ணத்தை வைப்பதற்கு. பஞ்சுபோல் உப்பி, நுனி குவிந்திருப்பது, அந்த வண்ணத்தின் ஓரம் கோடாகத் தெரியாமல் கலந்து மங்கச் செய்வதற்கு. பின்னதைத்தான் பிளெண்டிங் பிரஷ் என்கிறார்கள். ஒன்றைக் கேட்பவருக்கு மற்றதைக் கொடுத்தால் சரக்கு திரும்பி வரும்.

கொள்முதல் செய்யும்போது மாதிரிக்கு ஒன்றை எடுத்துப் பாருங்கள். புறங்கையில் தேய்த்தால் குத்தக் கூடாது. முடியை விரலால் மெதுவாக இழுத்தால் உதிரக் கூடாது. நுனியை அழுத்தி விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். முடியைப் பிடித்திருக்கும் உலோகப் பூண் ஆடக் கூடாது. அகலம் ஏறக்குறைய 1 செ.மீ. இருந்தால் இமை மடிப்பில் அடங்கும்.

என்ன ரோமம் என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். ஆட்டு ரோமத்திலும் வருகிறது, நைலான் போன்ற செயற்கை இழையிலும் வருகிறது. சந்தேகம் வந்தால் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். செயற்கை இழை உருகி மணிபோல் திரளும். விலங்கின் ரோமம் முடி கருகும் நாற்றத்துடன் பொடியாகும். கீரிப்பிள்ளை ரோமம் மட்டும் கடைக்குள் வரவே கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் ரோமத்தை விற்பது தண்டனைக்குரிய குற்றம். உத்தரப் பிரதேசத்தில் பிரஷ் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஷேர்கோட்டில் 2019இல் அதிகாரிகள் சோதனை நடத்தி, கீரி ரோமத்தையும் அதில் செய்த பிரஷ்களையும் பறிமுதல் செய்தனர். ஆகவே ரோமத்தின் பெயர் சொல்லாத சரக்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். எப்போதும் பில்லோடு வாங்குங்கள். செயற்கை இழை பிரஷ் நமக்கு நிம்மதி, கழுவுவதும் எளிது.

விற்கும்போது உபயோகத்தையும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நுனியில் சிறிது வண்ணம் தொட்டு, மிகுதியைத் தட்டிவிட வேண்டும். காம்பின் கடைசியில் லேசாகப் பிடித்து, இமை மடிப்பில் இடமும் வலமுமாக, கார் வைப்பர்போல் அசைக்க வேண்டும். அழுத்தக் கூடாது, அழுத்தினால் வண்ணம் திட்டுத்திட்டாக நிற்கும். கடைசியாக, வண்ணம் தொடாத சுத்தமான பிரஷ்ஷால் ஓரத்தை வருடினால் கோடு மறையும்.

வாரம் ஒரு முறை மிதமான ஷாம்பு நீரில் முடிப்பகுதியை மட்டும் கழுவிப் படுக்க வைத்து உலர்த்தச் சொல்லுங்கள். பூணுக்குள் நீர் இறங்கினால் பசை விட்டு முடி உதிரும். ஒருவருடைய பிரஷ்ஷை மற்றவர் உபயோகிக்கக் கூடாது. மெட்ராஸ் ஐ வந்தபோது உபயோகித்ததைத் தூக்கி எறிவதே நல்லது.

மளிகைக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: பிரஷ்களை உறையோடு, மிளகாய்த்தூள், மசாலா இருக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். அந்தத் தூள் முடியில் படிந்தால் நேரே கண்ணுக்குத்தான் போகும். உறை பிரிந்ததையும், ஒருவர் இமையில் வைத்துப் பார்த்ததையும் அடுத்தவருக்கு விற்க வேண்டாம். அந்த ஒரு பிரஷ்ஷின் நஷ்டத்தை நாம் தாங்கலாம். வாடிக்கையாளரின் கண்ணுக்கு வரும் கெடுதலைத் தாங்க முடியாது.