வெற்றி வீரரின் ஐந்து தோல்விகள்

பாபநாச மலையடிவாரத்தில், பொருநை ஆற்றின் அருகே அமைந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். அருவி நீரின் விசையால் இயங்கும் பஞ்சாலையை ஹார்வி சகோதரர்கள் 1885 ஆம் ஆண்டில் இங்கே தொடங்கிய நாள்தொட்டு, ஆலைச் சங்கின் ஒலிக்கு எழுந்து, ஆலைச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் இவ்வூரில் பல. அத்தகைய இல்லம் ஒன்றுக்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம்.

வீட்டின் தலைவர் ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். கூடத்துச் சுவரில், திரு இருதய ஆண்டவர் படத்துக்குச் சற்றுத் தள்ளி, பழுப்பேறிய செய்தித்தாள் படம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி சென்னைக்கு வந்தபோது வெளியான படம் அது. தந்தைக்கு இருந்த ஆர்வம் மகனையும் பற்றிக்கொண்டது. பதினேழு வயதான அவன் ஈராண்டுகளாகக் குத்துச்சண்டை பயின்று, மாவட்டப் போட்டி ஒன்றில் முதன்முறையாகக் கலந்துகொண்டான். முதல் ஆட்டத்திலேயே தோற்றான். திரும்பி வந்தவன் கையுறைகளைப் பரணில் எறிந்துவிட்டான். மூன்று வாரங்களாக எவரிடமும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க, சார். இவன் இதை விட்டுரணுமா, வேண்டாமா?" என்று தாய் நம்மிடம் கேட்டார். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தோம். அந்த மனிதரின் வெற்றிகளை உலகம் அறியும். அவருடைய தோல்விகளை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

எழுந்து நின்ற மூன்று தோல்விகள்

தொழில்முறை வீரராக முகம்மது அலி ஆடிய போட்டிகள் 61. வென்றவை 56, தோற்றவை ஐந்து. 1960 ஆம் ஆண்டு உரோமை ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்றவர். 1964 ஆம் ஆண்டு சன்னி லிஸ்டனை வென்று ஹெவிவெயிட் பிரிவில் உலக வீரரானவர். வியட்நாம் போருக்குச் செல்ல மனச்சான்று இடந்தரவில்லை என்று 1967 ஆம் ஆண்டு படைச்சேவையை மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, மூன்றரை ஆண்டுகள் மேடையேறவும் வழியில்லாது போயிற்று.

மீண்டும் வந்தவருக்கு முதல் தோல்வி காத்திருந்தது. 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கில் ஜோ பிரேசியரை எதிர்த்து நின்றார். அதுவரை தோல்வியே காணாத இருவர் மோதிய போட்டி அது. பதினைந்தாம் சுற்றில் பிரேசியரின் இடக்கைக் குத்து தாடையில் விழ, அலி மல்லாந்து வீழ்ந்தார். வீழ்ந்தவர் கணப்பொழுதில் எழுந்து இறுதி மணி வரை நின்றார் என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். ஆயினும் நடுவர் மூவரும் பிரேசியரே வென்றார் என்று தீர்ப்பளித்தனர்.

இரண்டாவது தோல்வி, 1973 மார்ச் 31 அன்று சான் டியேகோ நகரில் நேர்ந்தது. கென் நார்ட்டன் என்பவரைப் பெரிதாக மதியாமல், போதிய பயிற்சியின்றிச் சென்றார் அலி. அவருடைய தாடையெலும்பு முறிந்தது. முறிந்த தாடையோடு பன்னிரண்டு சுற்றுகளையும் ஆடி முடித்துத் தோற்றார்.

மூன்றாவது, 1978 பிப்ரவரி 15 அன்று லாஸ் வேகாஸ் நகரில் நிகழ்ந்தது. அதற்கு முன் ஏழே தொழில்முறைப் போட்டிகள் ஆடியிருந்த லியோன் ஸ்பிங்க்ஸ் என்ற இளைஞர், உலகப் பட்டத்தை அலியிடமிருந்து பறித்துக்கொண்டார்.

இம்மூன்றுக்கும் பொதுவான ஒன்றுண்டு. தோல்விக்கான காரணத்தை அலி பிறர்மீது மட்டும் சுமத்தி இருந்துவிடவில்லை. உடலைச் சீர்செய்தார், பயிற்சியைக் கூட்டினார், அதே எதிராளியை மீண்டும் சந்தித்தார். நார்ட்டனை அதே ஆண்டு செப்டம்பரிலும், பிரேசியரை 1974 சனவரியிலும், ஸ்பிங்க்ஸை 1978 செப்டம்பரிலும் வென்றார். ஸ்பிங்க்ஸை வென்றதால், ஹெவிவெயிட் பட்டத்தை மும்முறை அடைந்த முதல் வீரர் என்னும் சிறப்பும் அவருக்குக் கிடைத்தது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற விஜேந்தர் சிங், தொழில்முறையில் தொடர்ந்து பன்னிரண்டு போட்டிகளில் வென்றபின், 2021 மார்ச்சில் கோவாவில் ஒரு கப்பலின் மேல்தளத்தில் நடந்த போட்டியில் இரஷ்ய வீரர் ஒருவரிடம் முதன்முறையாகத் தோற்றார். அடுத்த ஆண்டு ராய்ப்பூரில் மீண்டும் மேடையேறி வென்றார்.

நேர்ந்திருக்கக் கூடாத இரண்டு

இத்துடன் கதை முடிந்திருந்தால், "விழுந்தால் எழு" என்ற ஒரே பாடத்தோடு நாமும் கட்டுரையை முடித்திருப்போம். ஆனால் எஞ்சிய இரண்டு தோல்விகள் வேறொன்றைச் சொல்லுகின்றன.

1979 ஆம் ஆண்டு அலி ஓய்வை அறிவித்தார். 1980 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடினார். விக்கிரமசிங்கபுரத்துச் சுவரில் நாம் கண்ட படம் அப்போது எடுக்கப்பட்டதே. அன்று திரண்டிருந்த மக்களின் ஆரவாரத்தைக் கேட்டவர், ஓய்வில் நிலைத்திருந்தால் எத்துணை நலமாயிருந்திருக்கும்! அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று, தமது முப்பத்தெட்டாம் வயதில், லாரி ஹோம்ஸை எதிர்த்து மேடையேறினார். முன்னாளில் அவரிடமே பயிற்சித் துணைவராக இருந்தவர் ஹோம்ஸ். ஒரு சுற்றில்கூட அலியால் முந்த முடியவில்லை. பத்தாம் சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஆஞ்செலோ டண்டி, போதும் என்று போட்டியை நிறுத்தினார். தாம் பெரிதும் மதித்தவரை அடிக்க நேர்ந்ததற்காக, வென்ற ஹோம்ஸே கண்ணீர் விட்டார்.

அதன் பின்னரும் அலி ஓயவில்லை. 1981 டிசம்பர் 11 அன்று பஹாமாஸ் தீவில் டிரெவர் பெர்பிக் என்பவரிடம் பத்துச் சுற்றுகளில் தோற்றார். சுற்றின் தொடக்கத்தையும் முடிவையும் அறிவிக்க முறையான மணிகூட அங்கே இல்லை. மாட்டின் கழுத்தில் கட்டும் மணியை ஒலித்தனர். உலகமே வியந்த வீரரின் கடைசி ஆட்டம் அவ்வாறு முடிந்தது.

1984 ஆம் ஆண்டில் அவருக்கு பார்க்கின்சன் நோய்க்குறிகள் இருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். கை நடுங்கிற்று, பேச்சுக் குழறிற்று. அவருடைய நோய்க்குக் குத்துகளே முழுக் காரணமா என்பதில் மருத்துவரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் தலையில் ஓயாது விழும் அடி மூளையைக் கெடுக்கும் என்பதை, 1928 ஆம் ஆண்டிலேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் எழுதி எச்சரித்திருந்தார். உரோமையில் இயேசு சபையினர் வெளியிடும் 'லா சிவில்த்தா கத்தோலிக்கா' இதழும் 2005 ஆம் ஆண்டில், தொழில்முறைக் குத்துச்சண்டை மனித உயிரின் மாண்புக்கு ஒவ்வாதது என்று வன்மையாகக் கண்டித்தது.

மூலையில் நிற்பவர்

குத்துச்சண்டை மேடையில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு மூலை உண்டு. சுற்றுக்குச் சுற்று அங்கே அமர்ந்து இளைப்பாறுவார். பயிற்சியாளர் வியர்வை துடைத்து, காயத்துக்கு மருந்திட்டு, அறிவுரை கூறுவார். "இனி வேண்டாம்" என்று நிறுத்தும் கடமையும் அவருடையதே.

1975 அக்டோபர் 1 அன்று மணிலாவை அடுத்த கெசோன் நகரில் அலியும் பிரேசியரும் மூன்றாம் முறை மோதினர். பதினான்கு சுற்றுகள் முடிந்தன. ஒரே ஒரு சுற்று எஞ்சியிருந்தது. கண்கள் வீங்கிப் பார்வை மங்கிய நிலையிலும் பிரேசியர் மீண்டும் எழத் துடித்தார். அவருடைய பயிற்சியாளர் எடி பட்ச் அதற்கு இணங்கவில்லை. உலகப் பட்டம் போனாலும் போகட்டும், இவன் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்று முடிவு செய்து போட்டியை நிறுத்தினார். அன்று பிரேசியருக்கு அது தோல்வியே. ஆயினும் அத்தோல்வியை அவருக்குத் தந்தது பகைவரின் கை அன்று, அன்புடையவரின் கை.

அன்பான பெற்றோரே, நம் இல்லங்களிலும் நாம் மூலையில் நிற்பவர்கள் அல்லரோ? தேர்வில் தோற்ற மகளையும், வேலை கிடையாது திரும்பிய மகனையும் உட்காரவைத்து, காயத்தைத் துடைத்து, மறுபடியும் அனுப்புவது நம் கடமை. அவர்களால் தாங்க முடியாத போட்டியில், நம் பெருமைக்காக அவர்களை மேன்மேலும் நிறுத்தி வைக்காதிருப்பதும் நம் கடமையே. இவற்றுள் எப்போது எதைச் செய்வது என்று அறிய, பிள்ளையின் முகத்தை நாள்தோறும் பார்க்க வேண்டும். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் மட்டும் போதாது.

நாம் அளித்த விடை

இவற்றையெல்லாம் அந்தக் கூடத்தில் அமர்ந்து அம்மூவரிடமும் விரிவாகச் சொன்னோம். பிறகு தாயின் கேள்விக்கு விடை கூறினோம்.

"அம்மா, இவன் கண்டது முதல் வகைத் தோல்வி. வெட்கம் தாளாமல் விடுவதென்றால், விட வேண்டாம். மருத்துவரிடம் காட்டி, தலைக்கும் கண்ணுக்கும் ஊறில்லை என்று அறிந்தபின் பயிலட்டும். மூன்று சுற்றுகளில் முடியும் பள்ளி, மாவட்டப் போட்டிகளோடு நிற்கட்டும். பணத்துக்காக அடிபடும் தொழிலாக இதை ஆக்கிக்கொள்ள வேண்டாம்."

தந்தை நெடுநேரம் பேசவில்லை. பின்பு மகனை நோக்கி, "நான் போதும்னு சொன்னா, அன்னைக்கு நிறுத்திருவியா?" என்று கேட்டார். மூன்று வாரங்களாகத் தந்தையை நிமிர்ந்து பாராதிருந்த பையன், அப்போது நிமிர்ந்து பார்த்தான்.

"நிறுத்திருவேன், அப்பா. ஆனா நீங்க போட்டிக்கு வரணும்."

தந்தை தலையசைத்தார். அவன் தோற்ற அன்று, அவனுடைய மூலையில் வீட்டார் எவரும் இருக்கவில்லை என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. நாம் விடைபெற்றுத் தெருவில் இறங்கியபோது, பரணிலிருந்து எடுத்த கையுறைகளைத் தாய் தூசி தட்டித் திண்ணை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார்.