திருமலை மானும் பிஸ்கட் பக்கற்றும்

திருகோணமலையில் மான் பார்க்கக் கட்டணம் இல்லை, கம்பி வேலியும் இல்லை. பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியிலேயே புள்ளிமான்கள் நிற்கும். போர்த்துக்கீசர் பழைய கோயிலை இடித்த கல்லில் 1624இல் எழுப்பிய கோட்டை அது. வெயில் ஏறினால் மான்கள் மரநிழலில் படுத்து அசைபோடும். நகருக்குள் இறங்கித் தெருவோரம் மேய்வதும் உண்டு. யாரும் திட்டம்போட்டு அமைக்காத விலங்குப் பூங்கா. பூங்கா என்றால் தீனி கொடுக்க ஒருவர் பொறுப்பாக இருப்பார். இங்கே வருகிறவர் எல்லோருமே தீனிக்காரர்.

பஸ்ஸில் வந்திறங்கும் பிள்ளைகளுக்கு மான்தான் பெரிய விசேஷம். கையை நீட்டினால் கிட்ட வருகிறது. ஈர மூக்கு உள்ளங்கையில் படுகிறது, நாக்கு சுழன்று பிஸ்கட்டை இழுத்துக்கொள்கிறது. “அம்மா, இங்க பாருங்கோ, கையில இருந்தே தின்னுது!” என்ற கூச்சலைக் கேட்காமல் அந்த வழியில் நடக்க முடியாது. அந்தச் சந்தோசத்தைக் குறைசொல்ல மனம் வராது. ஆனால் பிஸ்கட் உள்ளே போன பிறகு நடப்பதை யாரும் பார்ப்பதில்லை.

மனிதன் எவ்வளவு கிட்ட வந்ததும் ஒரு காட்டு விலங்கு ஓடத் தொடங்குகிறது என்பதை விலங்கியலார் அளப்பதுண்டு. சுவிற்சர்லாந்தில் மிருகக்காட்சிசாலைகளை நடத்திய ஹைனி ஹெடிகர் இந்த வெருட்சித் தூரத்தை வைத்தே விலங்குக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று யோசித்தவர். யால தேசிய பூங்காவில் ஜீப்புக்கு அசையாத மான், ஆள் கீழே இறங்கினால் பாய்ந்துவிடும். கோட்டை மானுக்கு அந்தத் தூரம் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. ஒவ்வொரு கையிலும் தீனி இருப்பதில்லை. எப்போதாவது கிடைப்பதுதான் பழக்கத்தை இன்னும் இறுக்குகிறது.

மான் அசைபோடும் விலங்கு. இரைப்பைக்கு நான்கு அறைகள். முதல் அறை பெரியது. கோடிக்கணக்கான பற்றீரியாக்களும் பிற நுண்ணுயிர்களும் அங்கே புல்லைப் புளிக்கவைத்துக் கரைக்கின்றன; மான் அவற்றின் உழைப்பில்தான் வாழ்கிறது. இந்தப் புளிப்பு, தோசைமாவைப் போல, அளவு மீறினால் கெட்டுப்போகும். புல்லும் இலையும் நார் நிறைந்தவை. அவற்றைத் திரும்பத் திரும்ப மெல்லும்போது ஊறும் உமிழ்நீரில் சோடா உப்பு இருக்கிறது, அது அமிலத்தைத் தணிக்கிறது. பிஸ்கட்டையும் பாணையும் மெல்ல வேண்டியதே இல்லை. மாவும் சீனியும் சட்டென்று புளித்து இலக்ரிக் அமிலம் பெருகுகிறது. நார் தின்னும் நுண்ணுயிர்கள் சாகின்றன, அறையின் சுவர் புண்ணாகிறது, பிறகு நல்ல புல் கிடைத்தாலும் செரிக்காது. ஒரு பிஸ்கட்டால் இது வராது. ஆனால் ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் வருகிறார்கள்.

பக்கற் அதைவிட மோசம். வடை சுற்றிய பையில் எண்ணெயும் உப்பும் மணக்கும். மான் பையோடு விழுங்கும். முதல் இரைப்பையிலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும் வழியில், நன்றாக அரைபட்ட துகள்தான் நுழையும். பொலித்தீன் அரைபடாது. அங்கேயே தங்கி, அடுத்த பையோடு முறுகி உருண்டையாகிறது. வயிறு நிறைந்திருக்க, மான் பட்டினியில் மெலிகிறது. ஜப்பானின் நாரா நகரப் பூங்காவிலும் மான்கள் இப்படித்தான் மனிதரோடு கலந்து திரிகின்றன. அங்கே மானுக்கென்றே தவிடு கலந்து சீனியில்லாமல் செய்த பிஸ்கட் விற்கிறார்கள். அப்படியிருந்தும் 2019இல் சில மாதங்களுக்குள் இறந்த 14 மான்களில் 9இன் வயிற்றில் பிளாஸ்ரிக் இருந்தது. ஒன்றில் மட்டும் 4.3 கிலோ. நம் கிழக்கு மாகாணத்திலேயே, அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் இதே பண்டத்தைத் தின்று செத்திருக்கின்றன. சொப்பிங் பைக்கும் லஞ்ச் சீற்றுக்கும் 2017 செப்ரெம்பரில் தடை வந்தது. தடை வந்ததே தவிர, பை போகவில்லை.

இதில் பருவமும் சேர்ந்து சதி செய்கிறது. திருமலைக்கு மழை ஐப்பசி முதல் தை வரைதான். நிலாவெளிக் கடல் அமைதியாகி வெளியூர்க் கூட்டம் குவிவது மே முதல் செப்ரெம்பர் வரை. புல் காய்ந்து மான் பசித்திருக்கும் மாதங்களும் அவையே.

கையை நீட்டாமல் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்றால் என்ன கிடைக்கும்? நிறையவே கிடைக்கும். குளிர்நாட்டு மான் இனம் ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரே பருவத்தில் கொம்பு உதிர்க்கும்; புள்ளிமானுக்கு அந்த ஒழுங்கு இல்லை. ஒரே மந்தையில் ஒரு கலை, அதாவது ஆண்மான், மெத்தென்ற தோல் மூடிய கொம்போடு நிற்கும், இன்னொன்று தோல் உரிந்து கூரான கொம்போடு, மூன்றாவது கொம்பே இல்லாமல். பின்னங்காலில் எழுந்து நின்று கிளையை எட்டும் கலையைப் பார்த்துவிட்டால் பிஸ்கட் கொடுத்த படம் சப்பென்று தோன்றும். கூர்க்கொம்புக் கலையின் முன்னால் பிள்ளையைத் தனியே விடுவது புத்தியும் அல்ல.

“பிடித்துக் காட்டில் விடலாமே” என்று சொல்பவர்கள் உண்டு. துரத்திப் பிடித்த மானுக்குப் பயத்திலும் ஓட்டத்திலும் தசை சிதையும். அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்து, உயிரோடு லொறியில் ஏறிய மான் சில நாட்களில் செத்துப்போவது பல நாடுகளிலும் கண்ட கதை. பிழைத்தாலும், மனிதனைக் கண்டு ஓடத் தெரியாத மானைச் சிறுத்தை உலவும் காட்டில் விட்டு என்ன பயன்? அது கோட்டையிலேயே இருக்கட்டும். கோயில் வழிக் கடைகள் வடையைக் கடதாசியில் சுற்றிக் கொடுக்கலாம். குப்பைத் தொட்டிக்கு மான் மூக்கால் தள்ளித் திறக்க முடியாத மூடி போடலாம். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.