எண்பது விநாடி ஏது?

கீழே உள்ள எண்களைச் சற்றுப் பாருங்கள்.

வடக்கு 45° 17.460', மேற்கு 122° 24.800'

இது ஒரு முகவரி. இதில் கதவு எண் இல்லை, தெரு இல்லை, ஊர்கூட இல்லை. தபால்காரரிடம் கொடுத்தால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆனால் இதே முகவரி கொண்ட இன்னோர் இடம் இந்தப் பூமிப்பந்தின் மீது எங்கும் கிடையாது. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில், பீவர்கிரீக் என்னும் சிற்றூருக்கு அருகில் அந்த இடம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் டேவ் அல்மர் என்பவர் அங்கே ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பாதி மண்ணில் புதைத்துவிட்டு வந்தார். வாளிக்குள் சில புத்தகங்கள், வீடியோ நாடாக்கள், ஒரு கவண், அவரை விதை அடைத்த ஒரு தகர டப்பா ஆகியவை இருந்தன. பிறகு அவர் மேலே கண்ட எண்களை இணையத்தில் வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் தேடிப் போகலாம்; எதையாவது எடுத்துக்கொண்டால் பதிலுக்கு எதையாவது வைத்துவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மூன்றே நாளில் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள்!

அன்று பிறந்த விளையாட்டுக்கு அந்த மாதமே 'ஜியோகேச்சிங்' என்று பெயர் வந்துவிட்டது. 'ஜியோ' என்றால் பூமி; 'கேச்' என்றால் ஒளித்து வைத்த பொருள். அதே ஆண்டு செப்டம்பரில் இதற்கென ஓர் இணையதளம் தொடங்கியபோது அதில் இருந்தவை 75 பெட்டிகள். இன்று உலகெங்கும் 30 இலட்சத்துக்கு மேல் உள்ளன. சனி, ஞாயிறு வந்தால் சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டு, குடும்பத்தோடு நான்கைந்து பெட்டிகளைத் தேடி விட்டு, மாலையில் வீடு திரும்புகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

ஒளித்து வைத்துத் தேடுவது புதிய விளையாட்டா என்ன? இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற பொட்டல் மேட்டுநிலத்தில், 1854-ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு புட்டியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் அதற்கு வழிகாட்டி வேண்டும், குறிப்பு வேண்டும். வெறும் எண்ணைக் கொடுத்துத் தேடச் சொல்லும் ஆட்டம் 2000 மே மாதத்துக்கு முன்பு ஏன் பிறக்கவில்லை? இதில்தான் நம் இயற்பியல் நுழைகிறது.

ஏழே முக்கால் ஏக்கரும் ஏழே முக்கால் சென்ட்டும்

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் இருக்கிறது. 'நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்; என் கடிகாரத்தில் இப்போது மணி இது' என்று ஒவ்வொன்றும் வானொலி அலையில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று என்று நம் கையிலுள்ள கருவி கணக்கிடுகிறது. அதை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். நம் இடத்தைக் குறிக்க மூன்று தூரங்கள் போதும் என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் கையிலுள்ள கருவியின் கடிகாரம் மலிவானது; அதன் பிழை எவ்வளவு என்பதும் நமக்குத் தெரியாத ஒன்றுதான். தெரியாதவை நான்கு என்றால் சமன்பாடுகளும் நான்கு வேண்டுமல்லவா? ஆகவே நான்கு செயற்கைக்கோள்கள்.

கடிகாரம் எவ்வளவு சரியாக இருக்க வேண்டும்? ஒளி ஒரு விநாடியில் 3 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அப்படியானால் ஒரு விநாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்ரோ விநாடி தவறினாலே 300 மீட்டர் தவறிப் போவோம். ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைப்படி, பூமியின் ஈர்ப்பு குறைந்த உயரத்தில் கடிகாரம் நாளொன்றுக்கு 45 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். செயற்கைக்கோளின் வேகத்தால் 7 மைக்ரோ விநாடி மெதுவாக ஓடும். மிச்சம் 38. இதை 300 மீட்டரால் பெருக்கிப் பாருங்கள். திருத்தம் செய்யாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும். சார்பியலால் அன்றாட வாழ்வில் என்ன பயன் என்று வகுப்பில் யாராவது கேட்டால், இந்தப் பெருக்கலைத்தான் கரும்பலகையில் போடுவேன்.

2000-க்கு முன்னால் வேறொரு பிழையும் இருந்தது. அது இயற்கையின் பிழையன்று. எதிரிகள் பயன்படுத்திவிடக் கூடாது என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, பொதுமக்களுக்கான சமிக்ஞையின் நேரத்தை வேண்டுமென்றே தடுமாற வைத்திருந்தது. இதனால் 100 மீட்டர் வரை இடம் பிசகும். அதிபர் கிளின்டனின் உத்தரவுப்படி 2000 மே 1 நள்ளிரவோடு இந்தத் தடுமாற்றம் நிறுத்தப்பட்டது. பிழை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

பத்தில் ஒரு பங்குதானே என்று எண்ணாதீர்கள். 100 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு என்ன? 31,400 சதுர மீட்டர். ஏழே முக்கால் ஏக்கர். அந்தக் காட்டில் ஒரு வாளியைத் தேடு என்றால் யார் தேடுவார்கள்? 10 மீட்டர் ஆரமுள்ள வட்டமோ 314 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஏழே முக்கால் சென்ட். ஒரு வீட்டு மனை அளவு. ஆரம் பத்தில் ஒன்றானால் பரப்பு நூறில் ஒன்றாகும் என்று நீங்கள் கணக்கு நோட்டில் எழுதியதுதான். அந்த நூறு மடங்குதான் இந்த விளையாட்டைப் பெற்றெடுத்தது. டேவ் அல்மர் வாளியோடு புறப்பட்டது தடுமாற்றம் நின்ற மறுநாளுக்கு மறுநாள் என்பதைக் கவனியுங்கள்!

நான் தவறிய கதை

சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வுப் பணிக்காக ஒரு கோடைக்காலம் ஆரிகனில் தங்கியிருந்தேன். அங்கே குடியேறிவிட்ட என் கல்லூரித் தோழன் ஒருவன் வார விடுமுறைதோறும் என்னைப் பெட்டி தேட அழைத்துப் போவான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவன் மகளும் வருவாள். ஊர் திரும்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, முதல் வாளி இருந்த இடத்தையே பார்த்துவிடுவது என்று கிளம்பினோம். அங்கே இப்போது நினைவுத் தகடு ஒன்று பதித்திருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்குள் நான் திரும்பி வந்து பெட்டி கட்ட வேண்டும்.

தோழன் காரை ஓட்டினான். எண்களைக் கருவியில் இடும் பொறுப்பு எனக்கு. திரையில் பாகை, நிமிடம், விநாடி என்று மூன்று கட்டங்கள் இருந்தன. (இவை கடிகார நிமிடமும் விநாடியும் அல்ல, கோணத்தின் பிரிவுகள். ஒரு பாகைக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி.) 17.460 என்பதை 17 நிமிடம் 46 விநாடி என்று தட்டினேன். அடுத்து 24.800. அதை 24 நிமிடம் 80 விநாடி என்று தட்டினேன். கருவி ஏற்கவில்லை. மீண்டும் தட்டினேன், மறுத்தது. சனியன், மக்கர் செய்கிறது என்று அலுத்துக்கொண்டு 8 என்று மாற்றினேன். உடனே ஏற்றுக்கொண்டது.

அம்புக்குறி காட்டிய வழியில் போனோம். இறங்கி நடந்தோம். அம்புக்குறி ஒரு வேலிக்கு அப்பால் கை காட்டியது. யாருடைய நிலமோ. நான் வேலியைத் தாண்டலாமா என்று பார்த்தேன்.

"இங்கே இருக்காதுடா. நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் யாரும் வைக்க மாட்டார்கள்" என்றான் தோழன்.

"எண் சொல்கிறதே!" என்றேன் நான்.

அரை மணி நேரம் வேலியோரமாகவே அலைந்தோம். கடைசியில் அந்தப் பெண் என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள். "இதை எப்படித் தட்டினீங்க, அங்கிள்?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, அதுவே பெரிய காரியம். "எண்பது விநாடி ஏது? அறுபதானாலே ஒரு நிமிடம் ஆகிவிடுமே!" என்றாள்.

இருபது ஆண்டுகளாக மாணவர்களின் விடைத்தாளில் 'அலகைக் கவனி' என்று சிவப்பு மையால் எழுதி வருகிறவன் நான்!

17.460 என்பதில் புள்ளிக்குப் பின்னால் இருப்பது விநாடி அன்று. நிமிடத்தின் தசமப் பகுதி. 0.460-ஐ 60-ஆல் பெருக்கினால் 27.6 விநாடி. நான் இட்டது 46. வித்தியாசம் 18.4 விநாடி. அட்சரேகையில் ஒரு விநாடி என்பது ஏறக்குறைய 31 மீட்டர். ஆக வடக்கே 570 மீட்டர் தவறினோம். 0.800 நிமிடம் 48 விநாடி. நான் இட்டதோ 8. வித்தியாசம் 40 விநாடி. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிவிடுவதால், 45 பாகையில் ஒரு விநாடி சுமார் 21.7 மீட்டர்தான். ஆக கிழக்கே ஏறத்தாழ 870 மீட்டர். மீதியைப் பித்தகோரஸ் பார்த்துக்கொள்வார்: ஒரு கிலோமீட்டருக்கும் சற்று மேல். அவ்வளவு தூரத்துக்கு அப்பால் நின்றுகொண்டு, ஐந்து மீட்டர் துல்லியமுள்ள கருவியை நான் திட்டிக்கொண்டிருந்தேன். கருவி 80-ஐ மறுத்தபோதே உண்மையைச் சொல்லிவிட்டது. நான்தான் கேட்கவில்லை.

திருத்தி இட்டதும் வழி சரியாயிற்று. ஆனாலும் கடைசிப் பத்து மீட்டரில் அம்புக்குறி இடம் வலமாக ஆடத் தொடங்கிவிட்டது. தலைக்கு மேல் மரக்கிளைகள் அடர்ந்திருந்தால் சமிக்ஞை நலிந்துவிடும். பாறையிலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பி வரும் அலை, நீண்ட வழியில் வந்து தூரத்தைக் கூட்டிக் காட்டும். பழகியவர்கள் அந்த நிலையில் கருவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவார்கள். இனி கண்ணுக்குத்தான் வேலை. தகட்டை முதலில் கண்டவள் அந்தப் பெண்தான். நான்கு மணிக்குத் திரும்ப முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் வாளியை இன்றைய விதிப்படி யாரும் வைக்க முடியாது. மண்ணைத் தோண்டக் கூடாது. விலங்குகள் மோப்பம் பிடித்து வந்துவிடும் என்பதால் தின்பண்டம் கூடாது. அவரை டப்பா மட்டும் பின்னாளில் அகப்பட்டு, இந்த விளையாட்டுக்காரர்களின் கூட்டங்களுக்குப் பயணம் போய் வருகிறது. விதிகளுக்குக் காரணம் இருக்கிறது. 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில், ஓர் உணவு விடுதியின் வெளியே இருந்த சிறு டப்பாவை வெடிகுண்டு என்று எண்ணித் தெருவை அடைத்து, இராணுவத்தினர் வந்து தகர்த்தார்கள். அதனால் இதைப் படித்துவிட்டுப் பேருந்து நிலையத்திலோ கோயில் மதிலிலோ பெட்டி வைக்கப் போய்விடாதீர்கள்!

அதற்குப் பதிலாக வரும் ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பாருங்கள். வீட்டுக் கைபேசி ஒன்றை வாங்கி, அட்சரேகையும் தீர்க்கரேகையும் நிமிடத்தின் மூன்று தசம இடம் வரை காட்டுமாறு அமையுங்கள். மொட்டை மாடியில் ஒரே புள்ளியில் வைத்து, ஐந்து நிமிட இடைவெளியில் பத்து முறை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசி நகராது; எண்கள் நகரும். வரைபடத்தாளில் பத்துப் புள்ளிகளையும் இடுங்கள். 0.001 நிமிடத்துக்கு ஒரு கட்டம் என்று கொண்டால், நம் ஊரில் ஒரு கட்டம் இருபுறமும் ஏறக்குறைய 1.8 மீட்டர். எல்லாப் புள்ளிகளும் உள்ளே அடங்கும்படி ஒரு வட்டம் போடுங்கள். அடுத்து அதே பத்து அளவீடுகளை ஒரு மாமரத்தடியில் எடுத்து, அதே அளவுத்திட்டத்தில் இன்னொரு வட்டம் போடுங்கள். இரண்டாவது வட்டத்துக்குத் தாள் போதவில்லை என்றால் முதலில் அலகைச் சரிபாருங்கள். பிறகு மரத்தை அண்ணாந்து பாருங்கள்.