மக்ஸி போக்ஸ் கதையை வகுப்பில் சொல்லும்போது...

'தன்னம்பிக்கை' என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்தால் என்ன வரும்னு நமக்குத் தெரியும். ஒரு குள்ளமான பையன், எல்லாரும் கேலி, கடைசி நிமிஷத்துல ஒரு கோல், கைதட்டல். நடுவில் அவன் என்னதான் செய்தான்? அது மட்டும் இருக்காது. அந்த நடுப்பகுதியைக் காட்ட எனக்குக் கைகொடுப்பவர் அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் மக்ஸி போக்ஸ்.

1965ஆம் ஆண்டு பிறந்தவர். பால்டிமோரில் அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தார். உயரம் 160 சென்டிமீட்டர்தான். என்பிஏ வரலாற்றிலேயே ஆகக் குள்ளமானவர். பன்னிரண்டு வயதில் அப்பா சிறைக்குப் போனார். பாதியில் பள்ளியை விட்டிருந்த அம்மா, மறுபடியும் படித்து உயர்நிலைப்பள்ளித் தகுதி பெற்று, பிள்ளைகளை வளர்த்தார். கதை சொல்லும்போது இந்த அம்மாவை விட்டுவிடாதீங்க.

"உயரம் முக்கியமில்லை" என்று சொல்ல வேண்டாம். கூடைப்பந்தில் உயரம் முக்கியம்தான், பிள்ளைகளுக்கும் அது தெரியும். வளையம் 305 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனா பந்தைத் தட்டும் ஒவ்வொரு முறையும் அது தரைக்கு வருதே! அங்கே எல்லாரையும்விடப் பக்கத்தில் இருப்பவர் போக்ஸ். எதிராளி தட்டும் பந்தைக் கீழேயே பறித்துவிடுவார். தன் பந்தைத் தாழ்வாகத் தட்டிக்கொண்டு ஓடும்போது நெட்டையர்கள் குனிந்தாக வேண்டும். பிறகு தோழனுக்குக் கொடுத்துப் போட வைப்பார். ஆட்டக்காரர்கள் 'அசிஸ்ட்' என்பார்களே, அதுதான். 14 பருவங்களில் 6,726 அசிஸ்ட்!

பள்ளியில் டன்பார் அணிக்கு ஆடிய இரண்டு பருவங்களிலும் அவர் அணி தோற்கவே இல்லை. 1987இல் வாஷிங்டன் புல்லட்ஸ் 12ஆவது தேர்வாக எடுத்தது. அதே அணியில் 231 சென்டிமீட்டர் உயர மனுட் போல். இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே அந்த அணி அவரைக் கைவிட, புதிதாகத் தொடங்கிய சார்லட் ஹார்னெட்ஸ் எடுத்துக்கொண்டது. அங்கே 1997 வரை நின்று ஆடினார்.

படிவம் இரண்டு மாணவர்களுக்கு அந்தப் புகைப்படத்தைக் காட்டி, அப்போது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று ஒரு பத்தி எழுதச் சொல்லலாம். பிறகு ஆட்டத்தை எழுதட்டும். 'முயற்சி', 'உழைப்பு', 'தன்னம்பிக்கை' மூன்று சொற்களுக்கும் தடை. குனிந்தான், நழுவினான், பறித்தான், தட்டிவிட்டான் போன்ற வினைகள் தானாக வரும்.

வகுப்பில் குள்ளமான மாணவன் இருந்தால், சொல்லும்போது அவன் பக்கம் பார்க்காதீங்க. அவனை முதலில் வாசிக்கச் சொல்லவும் வேண்டாம்.